விலை உயர்ந்த ரேசர்: எதற்குக் காசு கொடுக்கிறோம்?

கேள்வி: கனடாவில் இருக்கும் என் மைத்துனர் விடுமுறைக்கு வந்திருக்கிறார். சிறு பட்டறை ஒன்றில் முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கடைந்து, கையால் மெருகேற்றிய சேஃப்டி ரேசர் ஒன்றை வைத்திருக்கிறார். “நான் கிளம்பும்வரை ஒரு மாதம் இதில் ஷேவ் செய்து பாருங்கள் அத்தான், பிடித்தால் உங்களுக்கும் ஒன்று சொல்லிவைக்கிறேன்” என்கிறார். நான் கல்லூரிக் காலத்திலிருந்தே இருபக்கக் கூர் பிளேடு போடும் சாதாரண ரேசரைத்தான் பயன்படுத்துகிறேன். கழுத்தில் அடிக்கடி சிறு சிறு கட்டிகள் வருகின்றன. எங்கள் பகுதியில் போர் தண்ணீர், உப்பு அதிகம். அவ்வளவு விலை கொடுத்தால் ஷேவ் உண்மையிலேயே மாறுமா? எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

— வாசகர், தாம்பரம்

பதில்: மாறும். ஆனால் எல்லாமே மாறிவிடாது. எது மாறும், எது மாறாது என்று தெரிந்துகொண்டு சோதித்தால் ஒரு மாதம் தாராளமாகப் போதும்.

முதலில் சுத்தம். ரேசரை இரவல் வாங்கலாம். பிளேடை ஒருபோதும் வாங்கக் கூடாது. ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தத்தின் வழியாகவும் பரவக்கூடியவை. மைத்துனர் போட்டிருந்த பிளேடை அப்புறப்படுத்துங்கள். ரேசரின் மூன்று பாகங்களையும் கழற்றி, பழைய டூத்பிரஷால் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, கொதிக்கும் நீரில் இருபது நிமிடம் போட்டு எடுங்கள். முழு ஸ்டீல் என்பதால் அது தாங்கும். திருப்பிக் கொடுக்கும்போதும் இதையே செய்யுங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். முடியை வெட்டுவது பிளேடு. அதைப் பிடித்துக்கொள்வதுதான் ரேசரின் வேலை. கிங் கேம்ப் ஜில்லெட் தன் ரேசரை 1903-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அந்த வருடம் முழுக்க விற்றவை 51 ரேசர்கள், 168 பிளேடுகள். 1904-ல் காப்புரிமை கிடைத்தது. விற்பனையும் பல்லாயிரமாகப் பெருகியது. மேல் மூடி, அடித்தட்டு, கைப்பிடி என்ற அந்த மூன்று பாக அமைப்பு இன்றுவரை பெரிதாக மாறவில்லை. நூறு வயதைத் தாண்டிய ஜில்லெட் ரேசர்களில் இன்றைய பிளேடு பொருந்துகிறது. உங்கள் மைத்துனரின் ரேசரிலும் அதே பிளேடுதான்: 43 மில்லிமீட்டர் நீளம், 22 மில்லிமீட்டர் அகலம், வெறும் 0.1 மில்லிமீட்டர் தடிமன்.

அந்த 0.1 மில்லிமீட்டரில்தான் விலைக்கான காரணம் இருக்கிறது. இவ்வளவு மெல்லிய தகடு வளையும், அதிரும். பள்ளியில் மேசை விளிம்பில் ஸ்கேலை வைத்துத் தட்டியிருப்பீர்கள். வெளியே நீட்டியிருக்கும் பகுதி அதிகமானால் அதிர்வும் அதிகம்; விளிம்பை ஒட்டிப் பிடித்தால் ஸ்கேல் அசையாது. பிளேடும் அப்படித்தான். கூர்முனைக்கு மிக அருகில், நீளம் முழுக்க ஒரே சீராக அழுத்திப் பிடிக்கும் ரேசரில் பிளேடு முடியை இழுக்காமல் அறுக்கும். தளர்வாகப் பிடித்தால் துடிக்கும். முடியைப் பற்றி இழுத்து, பிறகுதான் அறுக்கும். எரிச்சல் அங்கே தொடங்குகிறது.

சாதாரண உலோக ரேசர்களில் பலவற்றின் தலை ஜாமாக் என்ற துத்தநாகக் கலவையில் ஆனது. 400 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும் உலோகம் என்பதால் அச்சில் வார்ப்பது எளிது, செலவும் குறைவு. மேலே குரோமியம் முலாம் பூசுவார்கள். மலிவான வார்ப்பில் ஒரு பக்கம் பிளேடு சற்று அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் நீட்டிக்கொண்டிருப்பது சகஜம். உயர்ரக ரேசரை ஸ்டீல் அல்லது டைட்டானியக் கட்டியிலிருந்து கணினி இயந்திரத்தில் கடைந்து எடுக்கிறார்கள். பிறகு விளிம்புகளைத் தேய்த்து, சக்கரத்தில் மெருகேற்றுவது கைவேலை. கண்ணாடி போன்ற பளபளப்புக்கு அதிக நேரம் பிடிக்கும், விலையும் ஏறும்; ஆனால் அந்தப் பளபளப்பு ஷேவை மாற்றுவதில்லை. நீங்கள் தேட வேண்டியது பிளேடு இருபுறமும் ஒரே அளவில் உட்கார்ந்திருக்கிறதா என்பதை. பிளேடைப் போட்டு இறுக்கியபின் ரேசரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். உங்கள் பழைய ரேசரையும் அப்படியே பாருங்கள். அதிலும் பிளேடு சீராக இருந்தால் வித்தியாசம் குறைவாகவே தெரியும்.

அடுத்தது பிளேடுக்கும் பாதுகாப்பு விளிம்புக்கும் உள்ள இடைவெளி. இந்த இடைவெளியும், பிளேடு எவ்வளவு வெளியே நீட்டுகிறது என்பதும் சேர்ந்துதான் ரேசரின் குணத்தை முடிவு செய்கின்றன. ஜெர்மனியின் மூலே நிறுவனம் ஒரே வகைக் கைப்பிடியில் இரண்டு தலைகளைத் தருகிறது: ஆர்89 சாது, ஆர்41 முரடு. இரண்டின் தயாரிப்புத் தரமும் ஒன்றுதான், ஆனால் முகத்தில் பட்டால் எங்கேயோ இருக்கும் வித்தியாசம். ஆகவே ‘விலை உயர்ந்தது’ என்பதும் ‘எனக்கு ஏற்றது’ என்பதும் வேறு வேறு. அந்த ரேசரின் தட்டு எந்த அளவு என்று மைத்துனரிடம் கட்டாயம் கேளுங்கள்.

உங்களுக்கு இது மிக முக்கியம், ஏனென்றால் கழுத்தில் கட்டி வருகிறது என்கிறீர்கள். சுருள் முடி உள்ளவர்களுக்கு வெட்டிய முனை வளைந்து திரும்பித் தோலுக்குள் குத்தும். அந்த இடம் வீங்கிக் கட்டியாகும். எவ்வளவு ஒட்ட வெட்டுகிறோமோ அவ்வளவு எளிதாக முனை உள்ளே போகும். பல பிளேடு கார்ட்ரிட்ஜைவிட ஒற்றை பிளேடு உங்களுக்கு நல்லது என்பதும் இதனால்தான்: கார்ட்ரிட்ஜின் முதல் பிளேடு முடியைச் சற்று இழுக்க, அடுத்தது தோல் மட்டத்துக்குக் கீழேயே வெட்டிவிடும். மழமழவென்று ஒட்டச் சிரைக்கும் என்று புகழப்படும் முரட்டு ரேசர் உங்கள் கழுத்துக்கு வேண்டாம். இடைவெளி குறைந்த சாதுவான தலை போதும். கழுத்தில் முடி வளரும் திசையிலேயே இழுங்கள். எதிர்த்திசையில் போக வேண்டாம், தோலை இழுத்துப் பிடிக்கவும் வேண்டாம். இதைச் செய்தும் சீழ்க் கட்டிகளோ தழும்போ வந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். எந்த ரேசரும் அதற்கு மருந்தாகாது.

தண்ணீர் விஷயத்துக்கும் செலவில்லாத வழி உண்டு. கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படிவாகிவிடுகின்றன. நுரை எழாது, எழுந்தாலும் நிற்காது. நுரை போட மட்டும் ஒரு டம்ளர் ஆர்.ஓ. தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். முகத்தை இரண்டு மூன்று நிமிடம் வெதுவெதுப்பான நீரில் நனையவிட்டால் முடி மிருதுவாகிப் பாதி வேலை முடிந்துவிடும். உப்புத் தண்ணீரில் ஸ்டீல் ரேசருக்கு உண்மையான ஆதாயம் உண்டு. 316எல் ரக ஸ்டீலில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் குளோரைடு அரிப்பை 304 ரகத்தைவிட நன்றாகத் தாங்கும். முலாம் பூசிய ஜாமாக்கில் முலாம் ஓரிடத்தில் பெயர்ந்தால் போதும், உள்ளே அரிப்பு தொடங்கிவிடும்.

இனி சோதனை. ஒரே பாக்கெட்டிலிருந்து இரண்டு புதிய பிளேடுகளை எடுத்து ரேசருக்கு ஒன்றாகப் போடுங்கள். சோப்பு, பிரஷ், தண்ணீர் எதையும் மாற்றாதீர்கள். இன்று இடது கன்னத்துக்குப் பழையது, வலது கன்னத்துக்குப் புதியது, நாளை மாற்றி. புதிய ரேசர் கனமாக இருக்கும். பல முழு ஸ்டீல் ரேசர்கள் 100 கிராமை ஒட்டியோ தாண்டியோ இருக்கின்றன. லேசான ரேசரை அழுத்திப் பழகிய கை இதையும் அழுத்தும், வெட்டும் அதனால்தான் விழும். எடையே வேலை செய்யட்டும். மேல் மூடியைக் கன்னத்தில் படுக்க வைத்து, பிளேடு தொடும்வரை கைப்பிடியை மெல்லத் தாழ்த்துங்கள். சுமார் 30 டிகிரியில் அது சரியாகப் பிடிக்கும். முதல் வாரத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள், அது கை பழகும் வாரம்.

தினமும் மூன்றைக் கவனியுங்கள். ஒன்று, இழுக்கும்போது முடி பிடித்து இழுபடுகிறதா. இரண்டு, ஈரப் படிகாரக் கல்லைத் தடவும்போது எந்தப் பக்கம் அதிகம் எரிகிறது. தோல் எங்கே உரசப்பட்டிருக்கிறதோ அங்கே படிகாரம் காட்டிக்கொடுத்துவிடும். மூன்று, மாலையில் விரலால் தடவினால் எந்தப் பக்கம் முடி முதலில் தட்டுப்படுகிறது. இரண்டு பிளேடுகளையும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள். எந்த ரேசரில் போட்டாலும் பிளேடு மழுங்கத்தான் செய்யும். ஸ்டீலைவிட முடி பல மடங்கு மென்மையானது. ஆனாலும் முடி சாய்ந்து மோதும் கோணத்தில் கூர்முனையில் சில்லுகள் பெயர்கின்றன என்று எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-ல் நுண்ணோக்கியில் காட்டினார்கள்.

மாதக் கடைசியில், படிகாரம் தொடர்ந்து புதிய ரேசரின் பக்கம் குறைவாக எரிந்து, கழுத்துக் கட்டிகளும் கூடாமல் இருந்தால், தயங்காமல் சொல்லி வாங்குங்கள். முலாம் இல்லாத ஸ்டீல், தேய்ந்துபோகும் பாகம் எதுவும் இல்லை. உங்கள் ஆயுளுக்கும் அது உழைக்கும், அதற்கான காசு வீணில்லை. ரேசர் பிடித்தும் அந்தத் தட்டு உங்களுக்கு முரடாகத் தெரிந்தால், அதே செய்நேர்த்தியில் இடைவெளி குறைந்த தட்டைக் கேளுங்கள். எந்த அளவு ஒத்துவரும் என்று உறுதியாகத் தெரியவில்லையா? கனடாவின் ராக்வெல் 6எஸ் மூன்று தட்டுகளோடு வரும். இருபக்கமும் திருப்பிப் போட்டு ஆறு அளவுகளைப் பார்க்கலாம். அதுவும் ஸ்டீல்தான், முதலில் அதிலேயே உங்கள் அளவைக் கண்டுபிடிக்கலாம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருந்தது என்றால், உங்கள் பழைய ரேசர் பிளேடை ஒழுங்காகப் பிடிக்கிறது என்று அர்த்தம். நல்ல பிரஷ், நல்ல சோப்பு, நான்கைந்து பிராண்டு பிளேடுகளில் ஒவ்வொரு பாக்கெட் என்று வாங்கி, உங்கள் முடிக்கு ஏற்ற பிளேடைத் தேடுங்கள். கூடுதல் பலன் அங்கேதான் கிடைக்கும்.