ஐந்து கோடுகள் போதுமா?

அன்புள்ள தம்பிக்கு,

உன் முதல் ஈஎஸ்ஆர் (எலெக்ட்ரான் தற்சுழற்சி ஒத்ததிர்வு) வரைபடம் கிடைத்தது. 1:4:6:4:1 என்ற விகிதத்தில் ஐந்து கோடுகள். தனித்து நிற்கும் எலெக்ட்ரான் ஒன்று வளையம் முழுக்கப் பரவி, நான்கு ஹைட்ரஜன்களையும் ஒரே மாதிரி உணர்ந்தால் இப்படித்தான் வரும். செமிகுயினோன் ரேடிக்கல்தான், சந்தேகமே இல்லை. "ஹைட்ரோகுயினோன் கொடுத்தது, பென்சோகுயினோன் வாங்கியது" என்று கீழே எழுதியிருக்கிறாயே, அந்த வரியில்தான் வேலை பாக்கி இருக்கிறது.

இரண்டையும் காரம் சேர்க்காமல் கலந்து பார். கரும்பச்சைப் படிகமாகக் குயின்ஹைட்ரோன் இறங்கும். நிறம் அவ்வளவு அடர்ந்தாலும் எலெக்ட்ரான் முழுசாகக் கைமாறியிருக்காது. மூலக்கூறுகள் மாறி மாறி அடுக்கி, மின்னூட்டத்தைக் கொஞ்சம் பகிர்ந்துகொண்டு நிற்கும். காரத்தில் புரோட்டான்களை இழந்த பிறகுதான் ஹைட்ரோகுயினோன் எலெக்ட்ரானைத் தாராளமாக விடும்.

அப்போது வாங்குவதற்குக் குயினோன்தான் வேண்டும் என்பதில்லை. காற்றிலுள்ள ஆக்ஸிஜனே போதும். குயினோன் துளியும் போடாமல், காற்றுபட்ட காரக் கரைசலை வைத்துப் பார். இதே ஐந்து கோடுகள் வரும். ஆகவே கரைசல்களைத் தனித்தனியே உறையவைத்து, வெற்றிடத்தில் காற்றை இழுத்து, உருகவிட்டு, திரும்பத் திரும்பச் செய்து, ஆர்கானில் கல. குயினோன் போட்டு ஒன்று, போடாமல் ஒன்று எடு. சலிப்பான வேலைதான். ஆனால் வாங்கியது யார் என்பதை இதுதான் சொல்லும், கோடுகளும் கூர்மையாகும்.

அடுத்து நீ தொடப்போகும் நைட்ரோ சேர்மங்களில் கேள்வி இன்னும் கடினம். ரேடிக்கல் இருக்கிறது, சரி. விளைபொருள் அதன் வழியாகத்தான் வந்ததா? மிகச் சிறிய பக்கவினையையும் ஈஎஸ்ஆர் பளிச்சென்று காட்டிவிடும். 1960களில் பர்டூ பல்கலைக்கழகத்தில் நேதன் கார்ன்பிளம் குழுவினர் செய்ததை ஊன்றிப் படி. பாரா-நைட்ரோபென்சைல் குளோரைடுடன் 2-நைட்ரோபுரோப்பேனின் லித்தியம் உப்பு பெரும்பாலும் கார்பன் வழியே பிணைந்தது. எலெக்ட்ரானை எளிதில் வாங்கும் பாரா-டைநைட்ரோபென்சீனை அதில் சேர்த்தார்கள். கார்பன் பிணைப்பு சரிந்தது, ஆக்ஸிஜன் பிணைப்பு மேலோங்கியது. எலெக்ட்ரானை நடுவழியில் பறித்ததும் விளைபொருளே மாறிவிட்டது! எந்த வரைபடத்தைவிடவும் எனக்கு இது பெரிய சான்று.

உன் வினையிலும் இந்தச் சோதனையைச் செய்து பார். ஒன்றும் மாறாவிட்டால், ரேடிக்கலே இல்லை என்று எழுதிவிடாதே. அந்தச் சோதனை சங்கிலி வினையைத்தான் பிடிக்கும். கரைப்பான் கூண்டுக்குள்ளேயே இரண்டு ரேடிக்கல்களும் சேர்ந்துவிட்டால், வெளியிலிருந்து போடும் எதற்கும் அவை சிக்காது.

அன்புடன்,
உன் அண்ணன்