ஒரு பொறியில் பல பொறிகள்

1902-ஆம் ஆண்டில், சிவசமுத்திரத்தில் உண்டாக்கப்பட்ட மின்சாரம் சுமார் 147 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலுக்குக் கம்பி வழியே கொண்டுவரப்பட்டது. ஒரே நிலையத்தின் ஆற்றலைப் பல சுரங்கங்கள் பகிர்ந்துகொண்டன. நிறுவனங்களின் சர்வர் கணிப்பொறிகளிலும் இன்று இதையொத்த முறை கையாளப்படுகிறது.

ஒவ்வொரு பணிக்கும் தனித்தனிச் சர்வர் அமைப்பின், அதன் ஆற்றலில் பெரும்பகுதி வீணாகும். ஹைப்பர்வைசர் என்னும் மென்பொருள், ஒரு சர்வரின் செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றைப் பங்கிட்டு, பல மெய்நிகர் பொறிகளை இயக்குகிறது. ஒவ்வொன்றும் தனிக் கணிப்பொறி போலவே தொழிற்படும். ஐ.பி.எம். நிறுவனம் 1960-களிலேயே இம்முறையை உருவாக்கியது. விஎம்வேர், ஹைப்பர்-வி, சென், 2007-இல் லினக்ஸ் கருவகத்துடன் இணைந்த கேவிஎம் ஆகியவை இன்று வழக்கிலுள்ளன. இவற்றுள் எதனைத் தெரிந்தெடுப்பது? மூன்று செய்திகளை ஆராய்தல் வேண்டும்.

முதலாவது, உரிமம். 2023 நவம்பரில் விஎம்வேரை பிராட்காம் நிறுவனம் வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனை நிறுத்தப்பட்டுச் சந்தா முறை புகுத்தப்பட்டது. ஆகவே, இன்றைய விலையை மட்டுமன்றி, பிறிதொரு மென்பொருளுக்கு மாறுவதற்கான வழியையும் முன்னரே அறிந்திருத்தல் நலம். கேவிஎம் திறந்த மூல மென்பொருளாதலின் அதற்கு உரிமக் கட்டணம் இல்லை. எனினும், அதனைப் பேணத் தேர்ந்த பணியாளர் வேண்டும்.

இரண்டாவது, பாதுகாப்பு. 2023 பிப்ரவரியில் பல நாடுகளிலுள்ள விஎம்வேர் சர்வர்கள் தாக்கப்பட்டுக் கோப்புகள் பூட்டப்பட்டன. அக்குறைக்கான திருத்தம் 2021-லேயே வெளியாகியிருந்தது. அதனை உரிய காலத்தில் நிறுவாதவர்களே பெரிதும் இன்னலுற்றனர்.

மூன்றாவது, பழுது தாங்கும் திறன். பொதுவான ஒன்று நின்றால், அதனைச் சார்ந்த யாவும் நின்றுவிடும். எடுத்துக்காட்டாக, 128 ஜிகாபைட் நினைவகமுள்ள சர்வர்கள் மூன்று உள்ளன எனக் கொள்வோம். மொத்தம் 384 ஜிகாபைட். ஒன்று பழுதுற்றால் எஞ்சுவது 256. ஹைப்பர்வைசருக்கும் சிறிது நினைவகம் தேவை. எனவே, மெய்நிகர் பொறிகளின் மொத்தத் தேவை 256-க்குக் குறைவாகவே இருத்தல் வேண்டும். அன்றியும், காப்புப்படிகளை வேறிடத்தில் வைத்து, அவற்றிலிருந்து பொறியை மீட்க இயலுகிறதா என அவ்வப்போது சோதித்தல் இன்றியமையாதது.

பயிற்சி: நான்கு சர்வர்களாயின் மேற்கூறிய எல்லை யாது? மாணாக்கர் கணக்கிட்டு விடை காண்க.