‘ரன்’ என்றால் ஓடுவது மட்டும்தானா? வீட்டிலேயே சொல்லிக்கொடுக்க 18 குறிப்புகள்

பிள்ளை ‘ரன்’ என்ற சொல்லுக்கு அர்த்தம் கேட்டால், ‘ஓடு’ என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறோம். அடுத்த பாடத்தில் அதே சொல் கடையோடும் காய்ச்சலோடும் மூக்கோடும் சேர்ந்து வரும்போது பிள்ளை திருதிருவென முழிக்கிறது. இதற்காகத் தனி ட்யூஷன் வேண்டாம். வீட்டுச் சாமானும் நம்ம ராமநாதபுரம் கடற்கரையும் போதும்.

1. முதலில் பயத்தைப் போக்குங்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதிக்காரர்கள் வினைச்சொல்லாக வரும் ‘ரன்’னுக்கு மட்டும் 645 பொருள் பிரித்திருக்கிறார்கள். அத்தனையையும் யாரும் மனப்பாடம் செய்வதில்லை. பள்ளிப் பிள்ளைக்கு ஓர் இருபது தெரிந்தால் தாராளம்.

2. பாதி வேலையை நம்ம ‘ஓடு’ முடித்துவிடும். கடிகாரம் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, பஸ் ஓடுகிறது, தியேட்டரில் படம் நூறு நாள் ஓடுகிறது. நான்குக்கும் இங்கிலீஷில் ‘ரன்’தான். இப்படி எத்தனை ‘ஓடு’ கிடைக்கிறது என்று பிள்ளையையே எண்ணச் சொல்லுங்கள்.

3. நண்டு சுத்தம் செய்யும்போது ஓட்டைப் பிள்ளை கையில் கொடுங்கள். “இதுவும் ஓடு, கூரையில் இருப்பதும் ஓடு, உன்னைப் பார்த்து ‘ஓடு’ன்னா அது வேற. எப்படிக் கண்டுபிடிக்கிற?” என்று கேட்டேன். என் மகள் ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பக்கத்துல இருக்கற வார்த்தைய வச்சுத்தாம்மா” என்றாள்.

4. அதுதான் சூத்திரம்! ‘ரன்’னைப் பார்த்ததும் அதற்கு முன்னாலும் பின்னாலும் என்ன சொல் இருக்கிறது என்று பார்க்கப் பழக்குங்கள். பக்கத்தில் ‘ஷாப்’ இருந்தால் நடத்துவது, ‘நோஸ்’ இருந்தால் ஒழுகுவது, ‘ஃபீவர்’ இருந்தால் காய்ச்சல் அடிப்பது.

5. பழைய கல்யாணப் பத்திரிகைகளைத் தூக்கிப் போடாதீர்கள். சீட்டுச் சீட்டாக வெட்டி, ஒரு பக்கம் ‘ரன்’ வரும் வாக்கியத்தையும் மறுபக்கம் தமிழ் அர்த்தத்தையும் எழுதி, ஓர் ஓலைக்கொட்டானில் போட்டுவையுங்கள். சாப்பிட உட்காருமுன் ஆளுக்கொரு சீட்டு எடுத்தால் அன்றைய பாடம் முடிந்தது.

6. ‘ரன் அவுட்’ கிரிக்கெட் பார்க்கிற பிள்ளைக்குத் தெரியும். அரிசிப் பானை காலியானாலும் அதே சொல்தான், அங்கே ‘தீர்ந்துபோச்சு’ என்று பொருள். மளிகைச் சீட்டு எழுதும் வேலையைப் பிள்ளையிடம் விட்டு, தீர்ந்த சாமானுக்கெல்லாம் ‘ரன் அவுட்’ போடச் சொல்லுங்கள். உங்களுக்கும் ஒரு வேலை மிச்சம்.

7. புதுத் துணியின் சீட்டில் ‘கலர் மே ரன்’ என்றிருந்தால் சாயம் போகும் என்று அர்த்தம். துவைக்குமுன் சீட்டைப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அந்தத் துணியைத் தனியாக நனைத்தால், வெள்ளைச் சட்டையும் தப்பிக்கும்.

8. சமையல் குறிப்பில் ‘ரன்னிங் வாட்டர்’ என்றால் ஓடுகிற தண்ணீர். தண்ணீரைக் குடக்கணக்கில் எண்ணும் நம்ம பக்கத்தில் அதற்காகக் குழாயைத் திறந்தே விட வேண்டாம். பிள்ளை செம்பிலிருந்து மெல்ல ஊற்ற, நீங்கள் அதில் மீனை அலசினால் அதுவும் ஓடுகிற தண்ணீர்தான்.

9. வேலியோ அலமாரியோ போடும்போது ‘ரன்னிங் ஃபுட்’ என்று விலை சொன்னால், நீளத்தை மட்டும் அளக்கும் கணக்கு அது. நீளத்தையும் அகலத்தையும் பெருக்குவது சதுர அடி. எந்தக் கணக்கு என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கினால், கடைசியில் தகராறு வராது.

10. அப்துல் கலாமின் தகப்பனார் ஜைனுலாப்தீன், ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே யாத்ரீகர்களுக்குப் படகு விட்டவர். இங்கிலீஷில் இதை ‘ரன் எ ஃபெர்ரி’ என்பார்கள். கையால் ஓட்டுவதை மட்டுமல்ல, தொழிலாக நடத்துவதையும் அது சொல்லும்.

11. இரண்டாம் உலகப்போர் காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காததால், தனுஷ்கோடி வழியில் ஓடும் ரயிலிலிருந்து பேப்பர் கட்டுகளை வீசுவார்கள். அவற்றைச் சேகரிக்க உதவித்தான் சிறுவன் கலாம் முதல் சம்பாத்தியம் பார்த்தார். இந்தக் கதையை இங்கிலீஷில் எழுதும்போது ‘மூவிங் ட்ரெயின்’ என்று எழுதவையுங்கள். ‘ஓடும்’ வரும் இடமெல்லாம் ‘ரன்னிங்’ பொருந்தாது.

12. படகு தரைதட்டினால் ‘ரன் அக்ரவுண்ட்’. கப்பல் பொம்மை கூட வேண்டாம். அகலத் தட்டில் மணலைச் சரிவாகக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, காகிதப் படகைத் தள்ளிவிடுங்கள். ஒருமுறை கண்ணால் பார்த்தது மறக்காது.

13. மீன் கூட்டங்கூட்டமாக இடம்பெயர்வதும் ‘ரன்’தான். தென்னாப்பிரிக்கக் கடலோரத்தில் மே முதல் ஜூலை வரை சாளை மீன் பெருங்கூட்டமாகப் போவதற்கு ‘சார்டின் ரன்’ என்றே பெயர். சூடை மீன் வாங்கி வரும் அன்றைக்கு இதைச் சொல்லுங்கள், இரண்டும் ஒரே குடும்பம்.

14. சொல்லை இடம் மாற்றினால் அர்த்தமே மாறும். ‘ரன் ட்ரை’ என்றால் வற்றிப்போவது: கோடையில் நம்ம கண்மாய்கள் படும் பாடு. ‘ட்ரை ரன்’ என்றால் ஒத்திகை: ஆண்டுவிழாவுக்கு முதல்நாள் பிள்ளைகள் மேடையேறிப் பார்ப்பது.

15. பாம்பனைக் கடக்கும்போது ஜன்னலோரம் உட்காரவையுங்கள். 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய தூக்குப்பாலத்தில் ரயில் விட்டுச் சோதித்தது ‘ட்ரையல் ரன்’. ரயில் பாதையை ஒட்டியே சாலைப் பாலம் நீளுகிறதே, அசையாத அந்தச் சாலைக்கும் ‘ரன்ஸ்’ என்றுதான் இங்கிலீஷில் எழுதுவார்கள்.

16. தேர்தலில் நாம் ‘நிற்கிறோம்’, அமெரிக்காக்காரர் ‘ரன்’ செய்கிறார், இங்கிலாந்துக்காரர் நம்மைப் போலவே ‘ஸ்டாண்ட்’ என்கிறார். ஒரே வேலைக்கு ஊருக்கொரு சொல். பேப்பரில் தேர்தல் செய்தி வரும் நாளில் இதைச் சொல்ல மூன்று நிமிஷம் போதும்.

17. கட்டுரையில் ‘ரன்’ திரும்பத் திரும்ப வந்தால் மாற்றுச் சொல் கொடுங்கள். கடைக்கு ‘மேனேஜ்’, மெஷினுக்கு ‘ஆப்பரேட்’, தண்ணீருக்கு ‘ஃப்ளோ’, பயந்து ஓடினால் ‘ஃப்ளீ’, மெதுவோட்டத்துக்கு ‘ஜாக்’, பாய்ச்சலுக்கு ‘ஸ்ப்ரின்ட்’. தினசரி நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் ஒன்றொன்றாக எழுதி பீரோ கதவில் ஒட்டுங்கள், ஒரு வாரத்தில் பாடமாகிவிடும்.

18. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் ஓடாது. அப்பாவும் வீட்டில், பள்ளிக்கும் பெரும்பாலான நாள் லீவு. கடலில் பார்த்ததை அப்பா தமிழில் சொல்ல, பிள்ளை இங்கிலீஷில் சொல்லட்டும். அந்தச் சொற்கள் எந்த அகராதியையும் விட நன்றாக மனதில் நிற்கும்.

ஒரு சொல்லின் இருபது அர்த்தத்தை இப்படிப் பிடித்துவிட்டால், ‘செட்’, ‘கெட்’, ‘டேக்’ எல்லாவற்றுக்கும் இதே வழிதான். இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன் முதல் சீட்டை எழுதி ஓலைக்கொட்டானில் போடுங்கள், தோழிகளே!