யார் அனுப்பிய பாக்கெட்? – டிசிபியில் கையொப்பச் சோதனை



பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று ஊரில் கூடி முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். (பாட்டுக்கு உரிமை கிடைக்காதவர்களும் ஏரியில் உண்டு. அது பெரிய வழக்கு, இங்கே வேண்டாம்.) படகில் நிற்பவர் யாரென்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பக்கத்தில் காட்டுப்பள்ளி துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் கதை வேறு. ஏ.ஐ.எஸ். என்ற கருவி, கப்பலின் எண், இடம், வேகம் ஆகியவற்றை 162 மெகாஹெர்ட்ஸ் அருகே ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். அந்தச் செய்தியில் 16 பிட் சரிபார்ப்பு எண் உண்டு. வழியில் செய்தி கெட்டுப்போச்சா என்று அது சொல்லும். அனுப்பியது அந்தக் கப்பல்தானா என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

1981-ல் வரையறுக்கப்பட்ட டிசிபியும் அப்படித்தான். அதன் செக்சம் கணக்கை யார் வேண்டுமானாலும் போடலாம். 2004-ல் பால் வாட்சன் என்பவர் இதன் விபரீதத்தைக் காட்டினார். இணைப்பைத் துண்டிக்கும் ஆர்எஸ்டி பாக்கெட்டைப் பொய் முகவரியில் அனுப்ப, 32 பிட் வரிசை எண்ணைச் சரியாக ஊகிக்கத் தேவையில்லை; அது விண்டோவுக்குள் விழுந்தால் போதும். விண்டோ 65,535 பைட் என்றால், போர்ட் எண்கள் தெரிந்த ஒருவருக்குச் சுமார் 65,000 முயற்சி போதும். நாள்கணக்கில் திறந்தே கிடக்கும் ரவுட்டர்களின் பிஜிபி இணைப்புக்கு இது பெரிய ஆபத்து. இணைப்பு அறுந்தால் அதன் வழியே கற்ற பாதைகளும் போய்விடும்.

மருந்து 1998-லேயே எழுதப்பட்டிருந்தது. இரு பக்கமும் ஒரு ரகசியச் சாவி வைத்துக்கொள்ள வேண்டும். தலைப்பு, தரவு, சாவி மூன்றையும் சேர்த்து எம்டி5 கணக்குப் போட்டு, வரும் 16 பைட்டை டிசிபி ஆப்ஷனாக ஒட்டி அனுப்ப வேண்டும். ஆப்ஷனுக்கு இருப்பதே 40 பைட். அதில் 18 இதற்கே போய்விடும். லினக்ஸ் கர்னலில் இது 2007-ல் வெளியான 2.6.20 பதிப்பில் சேர்ந்தது.

சரி, சோதனையைக் கர்னலில் எந்த இடத்தில் வைப்பது? விஷயமே இங்கேதான் இருக்கு. பாக்கெட் எந்த சாக்கெட்டுக்கு உரியது என்று தேடிய பிறகுதான் எந்தச் சாவி என்று தெரியும். எனவே அதற்கு முன்னால் முடியாது. ஆர்எஸ்டி கொடியைப் பார்த்துச் செயல்பட்ட பிறகு சோதித்தாலும் பயனில்லை, இணைப்பு போயே போயிருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவேதான் லினக்ஸ் சோதிக்கிறது. சாவி இருந்தும் கையொப்பம் இல்லாவிட்டால் தள்ளு. சாவி இல்லாத இடத்தில் கையொப்பம் வந்தாலும் தள்ளு. பொருந்தாவிட்டாலும் தள்ளு. ஒவ்வொன்றுக்கும் தனி எண்ணி உண்டு.

இன்னொரு சிக்கல் பாருங்கள். ஒரு பக்கம் ரீபூட் ஆகிவிட்டது, பழைய சாக்கெட் இல்லை. மறுபக்கத்துக்கு ஆர்எஸ்டி அனுப்பியாக வேண்டும், அதிலும் கையொப்பம் வேண்டும். சாவிக்கு எங்கே போவது? அதே போர்ட்டில் காத்திருக்கும் லிசன் சாக்கெட்டைத் தேடி, அதனிடமிருந்து சாவியை எடுக்கிறது கர்னல். கெட்டிக்காரத்தனமான வழி!

எம்டி5 இப்போது பலவீனமானது. ஓடும் இணைப்பிலேயே சாவியை மாற்ற வசதியுள்ள டிசிபி-ஏஓ 2010-ல் வரையறுக்கப்பட்டது. லினக்ஸில் சேர 2024 ஜனவரியில் வந்த 6.7 பதிப்பு வரை ஆனது.

லேபில் இரண்டு லினக்ஸ் கணிப்பொறிகள் கிடைத்தால் சின்ன சி நிரல் ஒன்றில் எம்டி5 சாவியை வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒரு எழுத்தை மாற்றுங்கள். 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்று வராது. பதிலே இல்லாமல் காத்திருந்து 'நேரம் கடந்தது' என்றுதான் வரும். பிழை எங்கே என்று குழம்ப வேண்டாம். பெறும் கணிப்பொறியில் என்ஸ்டாட் கட்டளையைக் கொடுத்தால் எம்டி5 தோல்வி எண்ணி ஏறியிருப்பது தெரியும்.