மென்பொருளைத் திறக்கும் முன் ஒரு தகடு

ஏரோஸ்பேஸிலோ மெக்கானிக்கலிலோ எம்.டெக். சேர்ந்ததும் பலர் முதல் வாரமே ஃப்ளூயன்ட் என்ற பாய்வுக் கணிப்பு மென்பொருளைத் திறந்துவிடுகிறார்கள். வண்ணப் படம் வந்துவிடும். அது சரியா என்று கேட்டால் பதில் இருக்காது. அதற்கு முன் ஒரு மாலையை ஒதுக்கி, தட்டையான தகட்டின் மேல் ஓடும் காற்றின் எல்லைப் படலத்தை நீங்களே கணக்கிடுங்கள். எல்லைப் படலம், பிராண்டில் என்ற பொறியாளர் 1904-இல் ஹைடல்பர்க்கில் முன்வைத்த கருத்து. அவருடைய மாணவர் பிளாசியஸ் 1908-இல் அதைத் தகட்டுக்குப் பொருத்தி, ஒரே வகைக்கெழுச் சமன்பாடாகச் சுருக்கிக் காட்டினார்.

முதல் வேலை நோட்டில். நேவியர்-ஸ்டோக்ஸிலிருந்து பிளாசியஸ் சமன்பாடு வரை ஒரு வரி விடாமல் வருவியுங்கள். எந்த உறுப்பை ஏன் விட்டோம் என்று ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இதைத் தாண்டிக் குதித்தால் பின்னால் வரும் எண்களுக்குப் பொருளே இல்லை.

அடுத்து, மூன்றாம் வரிசையிலான அந்தச் சமன்பாட்டை அ, ஆ, இ என்ற மூன்று மாறிகளுக்கான சமன்பாடுகளாகப் பிரியுங்கள். அ-வின் சரிவு ஆ. ஆ-வின் சரிவு இ. இ-யின் சரிவு, அ-வையும் இ-யையும் பெருக்கி, இரண்டால் வகுத்து, மைனஸ் போட்டது. இதில் ஆ என்பது திசைவேக விகிதம். சுவரில், அதாவது தகட்டின் பரப்பில், அ, ஆ இரண்டும் சுழி. வெகு தூரத்தில் ஆ ஒன்றாக வேண்டும். சுவரில் இ எவ்வளவு என்பது மட்டும் தெரியாது. சுவர் உராய்வு முழுவதும் அந்த ஒற்றை எண்ணுக்குள்தான் இருக்கிறது.

பைத்தானில் நான்காம் வரிசை ரங்கே-குட்டா முறையை நீங்களே எழுதுங்கள்; தயார் நிரல் வேண்டாம். படி அளவு 0.1, சுவரிலிருந்து அலகற்ற தூரம் 10 வரை. இ-க்கு 0.2 என்று ஊகித்தால் ஆ 0.713-இல் நிற்கும். 0.5 கொடுத்தால் 1.314-க்குப் போய்விடும். இரண்டுக்கும் நடுவே நேர்கோடு போட்டு ஆ ஒன்றாகும் இடத்தைப் பார்த்தால் 0.343, மறுபடி போட்டால் 0.331. அப்படியே 0.3321-இல் வந்து நிலைகொள்ளும். அந்த எண் திரையில் அசையாமல் நிற்பதைப் பார்க்கிற மகிழ்ச்சியை எந்த வண்ணப் படமும் தராது.

சரிபார்க்க டோப்ஃபர் 1912-இல் காட்டிய அழகான வழி உண்டு. இ-க்கு 1 கொடுங்கள், ஆ 2.0854-க்குப் போகும். அதன் மைனஸ் ஒன்றரை அடுக்கை எடுத்தால் அதே 0.3321. ஊகமே தேவையில்லை.

பிறகு படி அளவைப் பாதியாக்குங்கள். பிழை ஏறத்தாழ 16 மடங்கு குறைய வேண்டும். குறையாவிட்டால் நிரலில் தவறு இருக்கிறது. பெரும்பாலும், அ-வைப் புதுப்பித்த கையோடு அந்தப் புது மதிப்பையே இ-யின் கணக்கிலும் போட்டிருப்பீர்கள்.

சில புத்தகங்களில் 0.4696 என்று இருக்கும், பதற வேண்டாம். அங்கே இரண்டால் வகுக்காத வடிவத்தை எடுத்திருப்பார்கள். இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்தால் உங்கள் எண் வந்துவிடும்.

கடைசியாக, எண்ணை மில்லிமீட்டராக்குங்கள். ஆ 0.99-ஐத் தொடுவது அலகற்ற தூரம் 4.91-இல். காற்று நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வீசினால், தகட்டின் முனையிலிருந்து 30 சென்டிமீட்டரில் ரெனால்ட்ஸ் எண் 2 லட்சம்; அந்த 30 சென்டிமீட்டரை ரெனால்ட்ஸ் எண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்து 4.91-ஆல் பெருக்கினால், படலத்தின் தடிமன் சுமார் 3.3 மில்லிமீட்டர். இப்போது ஃப்ளூயன்ட்டைத் திறந்து இதே தகட்டை வரையுங்கள். அந்த 3.3 மில்லிமீட்டருக்குள் எத்தனை கட்டங்கள் விழுகின்றன என்று எண்ணுங்கள். இரண்டு மூன்றுதான் என்றால், ரன் கொடுக்காமல் கட்டவலையைத் திருத்தப் போங்கள்.