நந்தி மலையில் பெய்யும் மழை

பெங்களூர் நகரம் மேட்டில் இருக்கிறது. கடல் மட்டத்தைவிட சுமார் 900 மீட்டர் உயரம். அதனால்தான் அங்கே வெயில் அவ்வளவாகச் சுடுவதில்லை. ஆனால் மேட்டில் இருப்பதில் ஒரு கஷ்டமும் உண்டு. நகரத்தின் நடுவே பெரிய ஆறு எதுவும் ஓடவில்லை.

பெங்களூரிலிருந்து வடக்கே 60 கிலோமீட்டர் போனால் இன்னும் பெரிய மேடு வரும். அதுதான் நந்தி மலை. சிக்கபள்ளாபூர் மாவட்டத்தில் இருக்கிறது. உயரம் 1,478 மீட்டர். ஊட்டி இதைவிட உயரம்தான். ஆனாலும் விடியற்காலையில் நந்தி மலையில் ஏறி நின்றால் மேகம் காலுக்குக் கீழே கிடக்கும்.

மலையடியில் நந்தி என்ற கிராமம். அங்கே போக நந்தீசுவரர் கோயில் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது. சோழர் காலத்து வேலையும் அதில் உண்டு. விசுவேசுவரய்யா என்ற பெரிய பொறியாளரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மைசூர் பக்கம் கிருஷ்ணராஜ சாகர் அணை கட்டியபோது தலைமைப் பொறியாளராக இருந்தவர். அவர் பிறந்த முத்தேனஹள்ளியும் இந்த மலைக்குப் பக்கத்தில்தான்.

மலைமேல் பழைய கோட்டை இருக்கிறது. ஹைதர் அலியும் அவர் மகன் திப்பு சுல்தானும் அதைப் பலப்படுத்தினார்கள். 1791ஆம் ஆண்டு ஆங்கிலேயர் படை சண்டை போட்டு அதைப் பிடித்தது. திப்புவின் கோடை மாளிகை இன்றும் நிற்கிறது. ஓரிடத்தில் பாறை செங்குத்தாக இறங்குகிறது. எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். கைதிகளை அங்கிருந்து தள்ளிவிடுவார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள்.

கோட்டையைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது. ஆனால் மலையின் பெருமை வேறு. அங்கே விழும் மழை எங்கே போகிறது தெரியுமா?

நந்தி மலையிலும் அதைச் சுற்றியுள்ள குன்றுகளிலும் பல ஆறுகள் பிறக்கின்றன. வட பெண்ணை ஆந்திராவுக்குள் போய் நெல்லூர் பக்கம் கடலில் சேர்கிறது. தென்பெண்ணை ஓசூர், கிருஷ்ணகிரி, சாத்தனூர் வழியாகக் கடலூருக்கு வருகிறது. பாலாறு வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாக ஓடுகிறது. அர்க்காவதி தெற்கே போய்க் காவிரியில் கலக்கிறது. ஒரே நாளில் பெய்த மழைதான். ஒரு சொட்டு நெல்லூருக்கு, ஒரு சொட்டு கடலூருக்கு!

பெங்களூருக்கு முதலில் குழாயில் தண்ணீர் கொடுத்தது அர்க்காவதிதான். ஹெசரகட்டா ஏரியிலிருந்து 1890களில் தண்ணீர் வந்தது. பிறகு 1933இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் வந்தது. காலப்போக்கில் ஹெசரகட்டா வறண்டது. திப்பகொண்டனஹள்ளியில் வரத்து குறைந்தது, கழிவுநீரும் கலந்தது. 2012 வாக்கில் அங்கே குடிநீர் எடுப்பதும் நின்றது.

மழை நின்றுவிட்டதா? இல்லை. ஏரிக்கு வரும் ஓடைகளை அடைத்து வீடு கட்டினார்கள். தைல மரத்தை ஏக்கர் ஏக்கராக நட்டார்கள். ஆழ்துளைக் கிணறுகள் நிலத்தடி நீரை உறிஞ்சின. ஊற்று வற்றினால் ஆறு எப்படி ஓடும்?

1974 முதல் பெங்களூருக்குக் காவிரித் தண்ணீர் வருகிறது. சுமார் 100 கிலோமீட்டர் தூரம், சுமார் 500 மீட்டர் உயரம் மோட்டார் வைத்து ஏற்றுகிறார்கள். மின்சாரச் செலவு கொஞ்சமா!

தென்பெண்ணையின் கதை வேறு. அதில் தண்ணீர் இருக்கிறது. ஆனால் பெங்களூரின் கழிவும் சேர்ந்து வருகிறது. ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் பலமுறை வெள்ளை நுரை மலைபோல் பொங்கியிருக்கிறது. அந்தத் தண்ணீரைத்தான் விவசாயி வயலில் பாய்ச்ச வேண்டும்.

பாலாற்றுத் தண்ணீரைப் பேத்தமங்கலா ஏரியில் தேக்கி, கோலார் தங்க வயலுக்குக் கொடுத்தார்கள். அங்கே சுரங்கத்தில் உழைத்தவர்களில் மிகப் பலர் வட ஆர்க்காட்டுத் தமிழர்கள். ஊரை விட்டுப் போன இடத்திலும் ஊர் ஆற்றுத் தண்ணீரைக் குடித்தார்கள். சுரங்கம் 2001இல் மூடப்பட்டது.

வேலூர்ப் பிள்ளைகளுக்குப் பாலாறு என்றால் மணல்தான். 2021 நவம்பரில் கோலார் பக்கம் கனமழை கொட்டியது. ஏரிகள் நிரம்பி வழிந்தன. பாலாற்றில் இரு கரையும் தொட்டு வெள்ளம் வந்தது. பாலத்தின் மேல் நின்று ஜனங்கள் தண்ணீரைப் பார்த்தார்கள்.