பழைய நண்பரிடம் இன்றைய சேதி

கல்லூரித் தோழர்களோடு தொடர்பில் இருப்பது என்றதும் பலருக்கும் வெள்ளிவிழா, பொன்விழாச் சந்திப்புகள்தான் நினைவுக்கு வருகின்றன. மண்டபம் பிடித்து, பேராசிரியர்களுக்குப் பொன்னாடை போர்த்தி, குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு கலைகிறோம். அதற்காக அலைகிறவர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனாலும் அறுபதைத் தாண்டிய ஒரு பேட்ச் பிடிப்போடு இருக்க விழா மட்டும் போதாது என்பதே நான் கண்டுகொண்டது. விடுதி மெஸ் சாம்பாரும், தேர்வுக்கு முந்தைய ராத்திரிகளும், ஆய்வகத்தில் உடைந்த கண்ணாடிக் குடுவையும் ஒரு மாலைப் பேச்சுக்குத் தாங்கும். மறுவாரமே வாட்ஸ்அப் குழு காலை வணக்கப் படங்களுக்கும் இரங்கல் செய்திகளுக்கும் திரும்பிவிடும். தொடர்பு நிலைக்க வேண்டுமானால், அந்த நண்பர் இன்று தன் பொழுதை எதில் செலவிடுகிறார் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்படி விடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததில் விளைந்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938-இல் தொடங்கிய அந்த ஆய்வு, அங்கே படித்த 268 மாணவர்களை முதுமைவரை பின்தொடர்ந்தது. பாஸ்டன் நகரத்து ஏழைக் குடும்பச் சிறுவர்கள் 456 பேரும் பிறகு அதில் சேர்க்கப்பட்டார்கள். வேலை, குடும்பம், உடல்நிலை பற்றி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அவர்களிடம் கேள்வித்தாள் போனது. ஐம்பது வயதில் தங்கள் உறவுகளில் நிறைவு கண்டவர்களே எண்பதில் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தார்கள் என்றும், கொலஸ்ட்ரால் அளவைவிட இந்த நிறைவே முதுமையைச் சரியாகக் காட்டியது என்றும் ஆய்வின் தலைவர் ராபர்ட் வால்டிங்கர் சொல்கிறார். உடம்பு நன்றாக இருப்பவர்தானே நாலு பேரோடு பழக முடியும், எது காரணம், எது விளைவு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2010-இல் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் 148 ஆய்வுகளை, மூன்று லட்சத்துக்கும் அதிகமானோரின் தரவுகளை, ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். உறவுகள் வலுவாக உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுதல் என்று தெரிந்தது. தொடக்கத்தில் உடல்நிலை எப்படி இருந்தது என்பதைக் கணக்கில் எடுத்தபோதும் அந்தப் போக்கு மாறவில்லை.

நெருக்கமான நாலைந்து பேர் போதாதா என்பார்கள். வயது ஏற ஏற மனிதர்கள் தாமாகவே வட்டத்தைச் சுருக்கி நெருக்கமானவர்களை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள் என்பதை உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் விளக்கியிருக்கிறார். அது இயல்பு, நல்லதும்கூட. ஆனால் அந்த நாலைந்து பேரில் ஒருவர் மகனோடு நியூ ஜெர்சிக்குப் போய்விடுகிறார், ஒருவர் படுத்துவிடுகிறார், ஒருவர் போயே விடுகிறார். காலியான இடத்துக்கு எழுபதில் யாரைத் தேடுவது? ஒருவர் நெருங்கிய நண்பராக ஏறத்தாழ 200 மணி நேரம் சேர்ந்து கழித்தாக வேண்டும் என்று ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது. விடுதியில் ஓரிரு மாதத்தில் அத்தனை நேரம் கழிந்திருக்கும். பேசிப் பல வருடமான வகுப்புத் தோழரிடமும் அந்த மணி நேரங்கள் வீணாகாமல் இருக்கின்றன. வாக்கிங் போகும் இடத்தில் கிடைக்கும் புது நண்பரிடம் அதை முதலிலிருந்து சேர்க்க வேண்டும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் வேறு. என்ன செய்கிறாய் என்று கேட்டால் சிலர் வெளிநாட்டுப் பயணப் படங்களைப் போடுவார்கள், நொடித்துப்போனவர் வாயை மூடிக்கொள்வார். உண்மைதான், அதனால்தான் குழுவில் பொதுவாகக் கேட்கக் கூடாது. தனியாக, போனில், சின்னதாகக் கேட்க வேண்டும்: “காலைல பத்து மணிக்கு என்னடா பண்ணிட்டிருப்பே?” ஒருவர் கல்வெட்டு வாசிக்கப் பழகுவார், ஒருவர் பேத்தியைப் பள்ளியில் விட்டுவிட்டு வருவார், ஒருவர் மறதி நோயில் இருக்கும் மனைவிக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருப்பார். மூன்றும் இந்த வயதின் வேலைகளே. மூன்றாவதைச் செய்பவரிடம்தான் நாம் அடிக்கடி பேச வேண்டும். பேசி முடித்ததும் நோட்டில் ஒரு வரி எழுதி வையுங்கள்: தேதி, சொன்ன விஷயம், வீட்டில் இன்னொருவரின் எண். அடுத்த முறை “அந்த முழங்கால் ஆபரேஷன் என்னாச்சு?” என்று தொடங்கினால் பேச்சு தானாக நகரும். அதே ஆபரேஷனுக்குப் பயந்து தள்ளிப்போடும் வேறொரு தோழரை இவரோடு பேசவும் வைக்கலாம். பேட்ச் என்பதற்கு இதைவிடப் பெரிய பயன் எனக்குத் தெரியவில்லை.

பெண்களை இதில் பெரும்பாலும் தொலைத்துவிட்டோம், எனக்கு இது ஆறாத வருத்தம். எழுபதுகளில் பட்டம் வாங்கிய தோழியரில் பலருக்குத் திருமணத்தோடு இனிஷியல் மாறியது, கணவரின் டிரான்ஸ்ஃபரோடு ஊர் மாறியது. கல்லூரிப் பதிவேட்டில் இருக்கும் பெயரை வைத்துத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். பெயர்ப் பட்டியலைக் கீழே வைத்துவிட்டு, ஒரே அறையில் தங்கிய தோழியையோ, அவர் தம்பியையோ கேட்பதுதான் வழி. முதல் அழைப்பை இன்னொரு தோழி செய்வது நல்லது. ஹார்வர்டு ஆய்வும் ஆண்களை மட்டும் வைத்துத் தொடங்கி, மனைவியரைப் பின்னால்தான் சேர்த்துக்கொண்டது.

குழுவில் பதிலே போடாதவரைக் கர்வம் பிடித்தவர் என்று ஒதுக்கிவிடாதீர்கள். காது மந்தமாகியிருக்கலாம், கண்புரையால் எழுத்து மங்கலாம், கை நடுங்கலாம். காது கேட்காதவருக்குப் பெரிய எழுத்தில் செய்தி, கண் தெரியாதவருக்குக் குரல் பதிவு என்று மாற்றிக்கொள்ளுங்கள். மதியத் தூக்க நேரத்தில் அழைக்காதீர்கள். தோழர் மறைந்தால், அவர் எண்ணை நீக்கும் முன் அவர் மனைவியிடமோ கணவரிடமோ குழுவில் தொடர விருப்பமா என்று கேளுங்கள். துக்கத்தில் இருப்பவருக்கு அது பாரமாகாதா என்று தயங்குவோர் உண்டு. வேண்டாமென்றால் சொல்லிவிடுவார்கள். கேட்காமலே நீக்கினால், அவரை இளமையில் அறிந்தவர்களோடு பேசும் வழி அந்த வீட்டுக்கு அடைபட்டுப் போகும்.